ஓரத்தில் ஒரு சீரகம்

பஸ்ஸில் உட்காருவதற்கு முன்னால் வியாகுலம்மாள் சீட்டைத் துடைப்பாள். சீட்டு முடிந்ததும் ஜன்னல் கம்பி. கண்டக்டர் டிக்கெட்டை நீட்டினால் அதையும் இரண்டு விரலால் ஒரு நீவு நீவித்தான் பைக்குள் வைப்பாள். "ஏக்கா, டிப்போவுல கழுவித்தேன் வண்டிய எடுத்தாந்திருக்கு" என்று அவர் சிரித்தால், "கழுவுனவுக கண்ண எங்க வச்சிருந்தாகளோ" என்று பதில் வரும். இடுப்பில் எப்போதும் ஒரு மஞ்சள் துணி செருகியிருக்கும். நூல் பிரியாத பனியன் துணி, அலசி அலசி மெத்தென்று ஆனது. கோவிலுக்குப் போனாலும் அது கூடவே போகும். முத்தழகுபட்டித் திருவிழாவில் செபஸ்தியார் கூண்டுக் கண்ணாடியில் சனங்கள் முத்தி செய்த உதட்டுக் கறையைத் துடைக்கப்போய், கோவிலைப் பார்த்துக்கொள்ளும் கோவில்பிள்ளையிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். "சாமி மூஞ்சி தெரியவேணாமா?" என்று அவரிடமே திருப்பிக் கேட்டுவிட்டுத்தான் வந்தாள்.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. பார்க்கிற வேலை அப்படி. பேகம்பூர் போகிற சாலையில் நூர் முகமது பாய்க்கு ஒரு ஃபிரேம் கடை இருக்கிறது. பாய் சட்டத்தை அறுத்து மூலை சேர்ப்பார், கண்ணாடி வெட்டுவார். கண்ணாடியை இரண்டு பக்கமும் துடைத்து, படத்தை வைத்து, பின்னால் அட்டை கொடுத்து ஆணி அடித்து, பழுப்புக் காகிதம் ஒட்டி மூடுவது வியாகுலம்மாள் பொறுப்பு. மூடுவதற்கு முன்னால் கண்ணாடியை வாசல் வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்து, தலையை ஒருக்களித்து ஒரு பார்வை பார்ப்பாள். அந்தப் பார்வைக்குத் தப்பிய தூசி கிடையாது. "உள்ள ஒரு தூசி போய் உக்காந்துச்சுன்னு வைங்க, ஆயுசுக்கும் மூஞ்சி தெரியாது, தூசிதேன் தெரியும்" என்பாள். தூசியைவிடப் பெரிய எதிரி விரல்ரேகை. "கண்ணாடில கை வைக்காதீக!" என்று அவள் போடுகிற சத்தத்தில், படம் வாங்க வந்தவர்கள் நீட்டின கையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வார்கள்.

கடைக்கு வருகிற முகங்களில் பாதிக்கு மேல் செத்தவர்களுடையவை. ஏதோ கல்யாணக் கூட்டத்தில் கடைசி வரிசையில் நின்றவரைக் கத்தரித்துப் பெரிதாக்கிக் கொண்டுவருவார்கள். பக்கத்தில் நின்ற யாரோ ஒருவருடைய பாதித் தோள் அவரோடு ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். வியாகுலம்மாள் ஒன்றும் கேட்க மாட்டாள். கொண்டுவந்தவர் நிற்கிற நிற்பைப் பார்த்தே, மாலை மாட்ட மேல் மூலைகளில் இரண்டு கொக்கி சேர்த்து அடித்துவிடுவாள். ஒரே ஒரு தடவை கணக்குத் தப்பி, உயிரோடு இருக்கிற மாமனாருக்குக் கொக்கி விழுந்துவிட்டது. வாங்க வந்த மருமகள் பார்த்தாள், ஒன்றும் சொல்லாமல் எடுத்துக்கொண்டு போனாள். "அந்தப் புள்ளைக்கு என்ன அவசரமோ" என்று பாய் அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் மேட்டுப்பட்டி வீட்டுக்கு வந்து, காப்பி போட்டு இறக்கினால் அடுத்த வேலை. அது தெருவில் யாருக்கும் தெரியாது. பாய்க்குக்கூடத் தெரியாது. வியாகுலம்மாள் வானத்தைப் பார்ப்பாள்.

உடனே மொட்டை மாடியையும் நட்சத்திரங்களையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். அந்த வீட்டில் எட்டரைக்கெல்லாம் விளக்கணைத்துவிடுவார்கள். வானம் இருப்பது முன்னறைக் கம்ப்யூட்டரில், யாரோ கழித்துப் போட்டதை வாங்கிய பழைய திரையில். அதன் எதிரே இரண்டு நாற்காலி. ஒன்றில் அவள், இன்னொன்றில் அவள் வீட்டுக்காரர் பிராங்கிளின். நத்தம் ரோட்டில் ஒரு தனியார் கல்லூரியில் இயற்பியல் வாத்தியார். அவளுக்கும் வீட்டுக்கு வெளியே அவர் "எங்க சார்"தான்.

சாருடைய வேலையை வியாகுலம்மாள் தெருக்காரிகளிடம் சொன்னதில்லை. சொல்லச் சொன்னால் சுத்தமாகச் சொல்வாள், அவர் சொல்லிக் கொடுத்தது அவ்வளவு தெளிவு. வானத்தில் கோடிக்கணக்கில் விண்மீன் திரள்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு கருந்துளை. சில கருந்துளைகள் சும்மா கிடக்கின்றன, சில அள்ளி அள்ளித் தின்கின்றன. தின்கிறபோது வெளிச்சம் கொப்பளிக்கும். ஆனால் சுற்றிலும் தூசும் வாயுவும் மதில் கட்டினமாதிரி அடைத்துக்கொண்டிருந்தால், அந்த வெளிச்சம் வெளியே வராது. கண்ணுக்கும் தெரியாது, சாதாரணத் தொலைநோக்கிக்கும் தெரியாது. மென்மையான எக்ஸ் கதிர்கூட உள்ளேயே செத்துவிடும். ஆஸ்பத்திரியில் சதையைத் தாண்டி எலும்பைக் காட்டுகிறதே, அந்த மாதிரி வலுவான எக்ஸ் கதிர் மட்டும் மதிலைத் துளைத்துக்கொண்டு வந்து சேரும். அதைப் பிடிப்பதற்கென்றே விண்வெளியில் ஒரு தொலைநோக்கி வருஷக்கணக்கில் வானம் முழுவதையும் திரும்பத் திரும்பத் துழாவிக்கொண்டிருக்கிறது.

அதன் பார்வைதான் கூர்மை போதாது. "பஸ்ஸு பேகம்பூரத் தாண்டையில தோல் பதனிடுற ஷாப்பு வாடை வருதுல்ல?" என்று பிராங்கிளின் அவளுக்குச் சொல்லியிருந்தார். "இந்தப் பக்கமிருந்து வருதுன்னு மூக்குக்குத் தெரியும். எந்த ஷெட்டுன்னு தெரியுமா? அம்புட்டுத்தேன் அதுக்கும் தெரியும். இந்த வட்டத்துக்குள்ள எங்கயோ ஒருத்தன் ஒளிஞ்சிருக்கான்னு மட்டும் சொல்லும். எவன்னு நம்மதேன் பாக்கணும்." அந்த வட்டங்களைப் பல ஊர்க்காரர்கள் சேர்ந்த ஒரு ஆராய்ச்சிக் குழு பங்கு போட்டுக்கொண்டிருந்தது. நூற்றுக்கு மேற்பட்டவை பிராங்கிளின் பங்கு. ஒவ்வொரு வட்டத்தின் மேலும் சாதாரண வானப் படத்தைப் போட்டு, உள்ளே இருக்கிற திரள்களில் எது குற்றவாளி என்று சொல்ல வேண்டும். படம் பார்ப்பதில் பிராங்கிளினை மிஞ்ச ஆளில்லை என்று குழுவில் அவருக்குப் பெயர்.

அந்தப் பெயர் இருக்கும்போதுதான் கண் போயிற்று.

சர்க்கரை கண்ணில் ஏறி, இரண்டு கண்ணிலும் நடுப்பார்வை போய்விட்டது. மதுரையில் ஊசி போட்டுப் பார்த்தார்கள். போனது போனதுதான், ஓரப்பார்வை கொஞ்ச காலம் இருக்கும் என்றார்கள். "ஒம் மூக்கப் பாக்கணும்னா நான் ஒங் காதப் பாக்கணும் போலருக்கு" என்று பஸ்ஸில் வரும்போது சொன்னார். அவள் சிரித்தாள். வீட்டுக்கு வந்து குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். கல்லூரியில் சொல்லவில்லை, சொன்னால் மறுநாளே பொன்னாடை போர்த்தி அனுப்பிவிடுவார்கள். குழுவிலும் சொல்லவில்லை. பாடம் முழுக்க மனப்பாடம், கரும்பலகையில் கை தானாகப் போகும். எழுத்தைக் கம்ப்யூட்டரே வாய்விட்டுப் படித்துக் காட்டும். படம் ஒன்றுதான் இடறியது. படத்தைப் படித்துக் காட்ட ஒரு கண் வேண்டியிருந்தது. தூசி துடைத்தே தீட்டின கண் ஒன்று வீட்டிலேயே இருந்தது.

ஆக, அவள் சொல்லுவாள், அவர் கேட்பார். நாள்போக்கில் இருவருக்கும் ஒரு பாஷை அமைந்துவிட்டது. கை விரித்துச் சுழல்கிற திரள் கைமுறுக்கு. உருண்டை ஜவ்வரிசி. நீள உருண்டை அரிசி. பக்கவாட்டில் திரும்பி நிற்பது சீரகம். தொலைநோக்கியின் குறும்பால் நாலு பக்கமும் கீற்று அடிக்கிற பிரகாசமான புள்ளி சிலுவை. முதல்முறை சிலுவையைப் பார்த்தபோது நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். "அது நம்ம பக்கத்து வீட்டு நட்சத்திரம், கும்பிடாத, தள்ளிவிடு" என்றார். இவர்கள் தேடுகிற ஆளுக்கு அடையாளம், சீரகத்தின் நடுவில் ஒரு கறுப்புக் கோடு. தூசியை இழுத்துப் போர்த்தியிருக்கிற திரள்கள் பலவற்றில் அது இருக்கும். கோடு என்று அவள் சொல்லிவிட்டால் போதும், பிராங்கிளின் நாற்காலியோடு எழும்பி உட்காருவார்.

ஒரு நாள் வந்த வட்டத்தில் கோடு எதுவும் அவள் கண்ணில் படவில்லை. கடையில் அன்று கூட்டம், அவள் களைத்துப்போய் வந்திருந்தாள். "பெரிய கைமுறுக்குங்க, ரெண்டு கை, நடுவுல மஞ்சள். அம்புட்டு அழகு. பக்கத்துல ஒரு சிலுவை. மேல மூணு அரிசி" என்றாள். கீழே ஓரத்தில் மங்கலாக ஒரு இழுப்பு இருந்தது. சொல்லுவதற்கு முன்னால் கை இடுப்புக்குப் போய்விட்டது. துடைத்தாள். போகவில்லை. அழுத்தித் துடைத்தாள். பழைய திரை கீச்சென்றது.

"போதும் தொடச்சது. சொல்லு" என்றார் பிராங்கிளின்.

நகத்தால் ஒரு சுரண்டு சுரண்டிப் பார்த்தாள். அந்தத் திரையில் ஏற்கனவே ஏழெட்டுக் கீறல். அதில் ஒன்று என்று விட்டுவிட்டாள். "அம்புட்டுதேங்க, வேற ஒண்ணுமில்ல" என்றாள்.

அவர் கைமுறுக்கைப் பிடித்துக்கொண்டார். குழுவில் சொல்லி வேறொரு பெரிய தொலைநோக்கியில் அதன் ஒளியைப் பிரித்துப் பார்க்கச் சொன்னார். கருந்துளை தின்கிற அடையாளம் வந்தும் வராததுமாக இருந்தது. வேறு யாராவது என்றால், ஆள் இவன் இல்லையோ என்று யோசித்திருப்பார்கள். இந்தத் தொழிலில் ஒரு ஆபத்து உண்டு. அடையாளமே இல்லையென்றால், அவ்வளவு ஆழத்தில் ஒளிந்திருக்கிறான் என்றும் அர்த்தம் பண்ணிக்கொள்ளலாம். பிராங்கிளின் அப்படித்தான் பண்ணிக்கொண்டார். பட்டியலிலேயே ஆழமாக ஒளிந்திருப்பது இதுதான் என்று கட்டுரை போயிற்று, முதல் பெயர் அவர் பெயர். கட்டுரைக்கு வெட்டிக் கொடுத்த படத்தில் கைமுறுக்கு நடுநாயகமாக இருந்தது. ஓரத்து இழுப்பு வெட்டில் போய்விட்டது, அதனால் மற்றவர்கள் கண்ணிலும் படவில்லை.

கல்லூரி வாசலில் ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். உள்ளூர்ப் பேப்பரில் படத்தோடு செய்தி வந்தது. அதை வியாகுலம்மாளே சட்டம் போட்டாள். கண்ணாடியை அன்றைக்குத் துடைத்தமாதிரி என்றைக்கும் துடைத்ததில்லை. "கொக்கி வேணாம்ல?" என்று பாய் கேலி பண்ணினார். "வாயக் கழுவுங்க பாய்" என்று அடிக்கப் போனாள்.

அடுத்த வருஷம் கூர்மையான பார்வை உள்ள இன்னொரு விண்வெளித் தொலைநோக்கி அந்தப் பக்கம் திரும்பியது. குழுவில் தமிழ்நிலா என்று ஒரு பெண், காந்திகிராமத்தில் படித்துப் புனேயில் ஆராய்ச்சி செய்கிறவள். அவள்தான் போன் பண்ணினாள். பிராங்கிளின் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். வியாகுலம்மாள் கீழே உட்கார்ந்து அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. எக்ஸ்ரே அந்த ஸ்பைரல்ல இருந்து வரலை. கீழ ஓரத்துல எட்ஜ்-ஆன்ல, பக்கவாட்டுல திரும்பி ஒண்ணு இருக்கு சார், சின்னதா. அதுலருந்துதான் வருது. பழைய படத்துலயே நல்லாத் தெரியுதே சார், நீங்க எப்படி விட்டீங்க?"

பிராங்கிளின் பார்த்துவிட்டுப் பேசுகிறேன் என்று போனை வைத்தார். வைத்துவிட்டு அவள் இருந்த பக்கம் காதைத் திருப்பினார். "அன்னைக்குக் கீழ் ஓரத்துல ஏதாச்சும் இருந்துச்சா வியாகுலம்?"

"இல்லையே" என்றாள். அவ்வளவு சீக்கிரம் வாயில் பொய் வரும் என்று அவளுக்கே தெரியாது.

மறுநாள் கடையில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் படம். சீருடை, இரட்டைச் சடை. கொக்கி அடித்து, காகிதம் ஒட்டி மூடி, தள்ளி வைத்தாள். பாய் எடுத்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு மெதுவாக அவள் முன்னால் வைத்தார். பிள்ளையின் கன்னத்தில் ஒரு தூசி. இத்தனை வருஷத்தில் முதல் தூசி. "மேலுக்கு முடியலையாம்மா? வீட்டுக்கு வேணா போ" என்றார். காகிதத்தைக் கிழித்து, ஆணியைப் பிடுங்கி, தூசியை எடுத்துத் திரும்ப மூடிக் கொடுத்துவிட்டு எழுந்தாள். வீட்டுக்குப் போகவில்லை. நத்தம் பஸ்ஸில் ஏறினாள். சீட்டைத் துடைக்காமலே உட்கார்ந்துவிட்டாள்.

கல்லூரியில் அவர் வகுப்பில் இருந்தார். வராந்தாவில் ஜன்னலோரம் நின்றாள். உள்ளே குரல் கணீரென்று வந்தது, கரும்பலகையில் கோடு பிசகாமல் சமன்பாடு ஓடியது. எங்க சாராக்கும் என்று அந்த நேரத்திலும் அவளுக்குப் பெருமை வந்தது. பிறகுதான் பையன்களைப் பார்த்தாள். முன்வரிசையில் ஒருத்தன் போனைக் குத்தவைத்துக் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான், ஒளிக்கவே இல்லை. இரண்டாம் வரிசையில் ஒருத்தன் எழுந்து, அவர் முகத்துக்கு நேரே கையை ஆட்டிவிட்டு, சாவகாசமாகக் கதவைத் திறந்து வெளியே போனான். யாரும் சிரிக்கக்கூட இல்லை. பழகிப்போன காரியத்துக்கு யார் சிரிப்பார்கள்? பிராங்கிளின் அந்தக் காலி இடத்தைப் பார்த்து, "புரிஞ்சுதாப்பா?" என்று கேட்டார்.

வெளியே வந்தவன் வியாகுலம்மாளைப் பார்த்துத் திடுக்கிட்டு, "சாரப் பாக்கவா ஆன்ட்டி?" என்றான். அவள் அவனை ஒரு அறை அறைந்திருக்கலாம். அறையவில்லை. "ஆமப்பா, முடியட்டும்" என்றாள். ஊரெல்லாம் தெரிந்த ரகசியத்தை இரண்டு பேர் மட்டும் பொத்திப் பொத்தி வைத்திருந்தோமே என்று ஆற்றாமையாக இருந்தது. அதை அவரிடம் அன்றும் சொல்லவில்லை, இன்றுவரை சொல்லவில்லை.

மணி அடித்ததும் வண்டிகள் நிறுத்துகிற கொட்டகை நிழலுக்கு அவரைக் கூட்டிப்போய்ச் சொன்னாள்.

"ஓரத்துல ஒண்ணு இருந்துச்சுங்க. தூசின்னு தொடச்சேன். போகல. நகத்த வச்சுச் சொரண்டினேன். போகல. கீறலுன்னு விட்டுட்டேன். நேத்துக் கேட்டீக, பொய் சொல்லிட்டேன். ஒங்க பேர நானே தொடச்சுப் போட்டேங்க."

திட்டுவார் என்று நின்றாள். பிராங்கிளின் முதலில் கேட்டது வேறு. "எப்படி இருந்துச்சு?"

"சீரகம் மாதிரி. மெலிசா."

"நடுவுல கோடு?"

"பாக்கலையே! நான் எங்க பாத்தேன், தொடைக்கிறதுலல்ல இருந்தேன்" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அவர் அவள் கையைத் தேடிப் பிடித்தார். முதலில் காற்றைப் பிடித்தார், அப்புறம்தான் கை கிடைத்தது.

"கீச்சுன்னு சத்தம் கேட்டுச்சு. போதும்னு சொன்னேன். எதத் தொடைக்கிறன்னு நான் கேக்கல, பாத்தியா?" என்றார். பிடித்த கையை விடாமல், "தொடச்சும் போகாத ஒண்ணத்தேடித்தான நான் உக்காந்திருந்தேன்" என்றார்.

அன்று சாயங்காலமே தமிழ்நிலாவுக்குப் போன் போட்டார். கவனக்குறைவு என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். அந்தப் பெண்ணும் மறுபேச்சுப் பேசியிருக்க மாட்டாள். வேலை நிலைத்திருக்கும், பேர் பாதியாவது மிஞ்சியிருக்கும். முடிக்கச் சொல்லி வியாகுலம்மாள் கையைப் பிசைந்தாள். அவர் கேட்கவில்லை.

"எனக்கு நடுப்பார்வை போய் ரெண்டு வருசமாச்சும்மா. படத்தப் பாத்தது என் வீட்டுக்காரி. அவ மேல தப்பில்ல, அவ பாத்தத நான் கேக்கத் தெரியாமக் கேட்டேன். நான் கை வச்ச வட்டம் எல்லாத்தையும் திருப்பிப் பாக்கச் சொல்லிரு. ஒண்ணையும் நம்ப வேண்டாம்."

"சரிங்க சார்" என்றாள் தமிழ்நிலா. "சார், அக்கா பக்கத்துல இருக்காங்களா?" என்று கேட்டாள். வியாகுலம்மாள் வேண்டாம் என்று கையாட்டினாள். அவர் அதைப் பார்க்கவில்லை. "இருக்கா" என்று போனை அவள் இருந்த திசையில் நீட்டினார். அவள் வாங்கி, காதில் வைக்காமல், சேலைத் தலைப்பால் அந்தப் போனையே துடைத்துக்கொண்டிருந்தாள்.

திருப்பிப் பார்த்தார்கள். இன்னும் சில வட்டங்களில் ஆள் மாறியிருந்தது. பெரும்பாலானவை சரிதான் என்று தமிழ்நிலா ஆறுதலாகச் சொன்னாள். எவை சரி, எவை தப்பு என்று பார்த்தவளுக்கே தெரியாதபோது பெரும்பாலானவற்றை வைத்து என்ன செய்வது? கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். காரணத்தையும் போட்டார்கள், போடத்தான் வேண்டும். அது எப்படியோ கல்லூரி நிர்வாகத்தின் காதுக்கு வந்தது. டாக்டர் சீட்டுக் கேட்டார்கள். பருவத்தின் நடுவிலேயே பொன்னாடை வந்துவிட்டது. வாசல் ஃப்ளெக்ஸ் இருந்த இடத்தில் இப்போது அட்மிஷன் விளம்பரம் இருக்கிறது. பேப்பர் செய்திச் சட்டத்தை வியாகுலம்மாள் ஒரு நாள் சத்தமில்லாமல் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோனாள். நல்ல கண்ணாடி, வீணாக்குவானேன் என்று ஒரு பெரியவர் படத்துக்குப் போட்டு, கொக்கி அடித்துக் கொடுத்தாள். பாய் அன்று கேலி பேசவில்லை. சுவரில் ஆணி மட்டும் மிச்சம். "அந்தப் பக்கம் பளபளன்னு ஒண்ணு இருக்குமே, காணோம்" என்று பிராங்கிளின் ஓரக்கண்ணால் கேட்டார். "தொடைக்க எடுத்தேன்" என்றாள்.

அதற்கப்புறம் அவள் துடைப்பது கூடிப்போனது. கடையில் துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைக்கிறாள். பஸ்ஸில் பக்கத்துச் சீட்டையும் சேர்த்துத் துடைக்கிறாள். வீட்டில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் துணி படுவதில்லை. முன்னறைத் திரையில் மாதக்கணக்கான தூசி படிந்து கிடக்கிறது. அதன் எதிரே இரண்டு நாற்காலியும் அப்படியே இருக்கின்றன. பகலெல்லாம் பிராங்கிளின் அதில் ஒன்றில் உட்கார்ந்திருப்பார். ஓரமும் இப்போது மங்கிக்கொண்டு வருகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும், "அதப் போடு" என்றார். எது என்று அவள் கேட்கவில்லை. அந்த வட்டத்தைத் திரையில் கொண்டுவந்தாள்.

"சொல்லு."

"கைமுறுக்கு. சிலுவை. மூணு அரிசி." நிறுத்தினாள். "மேல ஒரு புள்ளி. அது தூசி."

"எப்படித் தெரியும்?"

"ஊதினேன். போயிருச்சு."

"ம்."

"கீழ ஓரத்துல சீரகம்." மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்குக் குனிந்தாள். நெடுநேரம் பார்த்தாள். "கோடு இருக்குங்க. நடுவுல. கறுப்பா, தலமுடி கனத்துக்கு. அன்னைக்கே இருந்திருக்கு."

"எங்க?"

அவர் ஆள்காட்டி விரலைப் பிடித்து, மெல்லக் கொண்டுபோய்த் திரையில் அந்த இடத்தில் வைத்தாள். புழுக்கம், விரல் வியர்த்திருந்தது. எடுக்காமல் அப்படியே வைத்திருந்தார். "இம்புட்டூண்டுதானா" என்றார். அப்புறம் எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டு கொல்லைப் பக்கம் போனார்.

வியாகுலம்மாள் கம்ப்யூட்டரை அணைத்தாள். கறுத்துப்போன திரையில் தூசிக்கு நடுவே அந்த விரல்ரேகை வட்டமாகத் தெரிந்தது. இடுப்புத் துணியை உருவினாள். மேசையைத் துடைத்தாள். விசைப்பலகையைத் துடைத்தாள். அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியின் கைப்பிடியைத் துடைத்தாள். திரைக்கு நேரே வந்த கை செத்த நேரம் அப்படியே நின்றது. பிறகு துணியை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, உலை வைக்கப் போனாள்.